மூடுவதற்கு முன் பாருங்கள்: குளியலறை டைல்ஸ் வேலைக்கு ஒரு வழிகாட்டி

நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாகச் செய்தோம். வேலை முடிந்த அன்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வெளியே வரும்போது கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். "ஓடிரும் சார், புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றார். ஓடவில்லை. ஏழாவது மாதம் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, எங்க சமையலறைக் கூரையை ஒரு தடவ வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார். அடுப்புக்கு நேர் மேலே பழுப்பாக ஒரு வட்டம். நடுவில் பெயிண்ட் கொப்புளித்துத் தொங்கியது. தரையைப் பெயர்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாட்டர்புரூஃப் பூச்சைச் சுவரோரம் ஒரு கை இழுத்துவிட்டு, நடுத்தரையை அப்படியே விட்டிருந்தார்கள்.

இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை டைல்ஸுக்கு அடியில் போய்விடும். அதனால் வேலை முடிந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. நடுவில் மூன்று முறை நிறுத்திப் பார்க்க வேண்டும்: சுவருக்குள் குழாய் மறைவதற்கு முன், தரைமேல் கலவை விழுவதற்கு முன், டைல்ஸ் இடைவெளியை அடைப்பதற்கு முன். இரண்டாவது தடவை செய்தபோது இப்படித்தான் செய்தோம்.

பேச்சும் பணமும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி முடிக்காதீர்கள். அப்படிப் பேசினால் வேகமாக ஒட்டுகிறவருக்குத்தான் லாபம். பழைய பூச்சை எதுவரை கொத்துவது, வாட்டர்புரூஃப் எத்தனை கோட், தண்ணீர் கட்டிப் பார்ப்பது எத்தனை நாள், ஒட்டுவது சிமெண்டிலா பசையிலா, டைல்ஸ் பெயர்ந்தால் யார் செலவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மேஸ்திரி கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நல்ல வேலைக்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். பணத்தை அந்த மூன்று நிறுத்தங்களோடு சேர்த்துப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, குளியலறையை ஒரு மாதம் புழங்கிப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டித் தருகிறேன் என்பவர் இருப்பார். இடிபாடு இல்லை, செலவும் குறைவு. ஆனால் அடியில் இருக்கும் ஒழுகல் அப்படியேதான் இருக்கும். தரை உயர்ந்து கதவும் தட்டும். ஒழுகல் காரணமாக வேலை செய்கிறவர்கள் இந்த யோசனையைக் காதில் வாங்கவே வேண்டாம்.

முதல் நிறுத்தம்: குழாய்

குழாய்களைச் சுவருக்குள் புதைத்ததும், பூசுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிளம்பரிடம் கைப்பம்பு இருக்கும். தொட்டிக்கு 10 மீட்டர் கீழே இருக்கும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம்தான் வரும். சோதனையில் 5, 6 கிலோ வரை ஏற்றி, சில மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது.

சுவருக்குள் போகும் டைவர்ட்டரில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். முடிந்த டைல்ஸ் முகம் எதுவரை வரலாம் என்று அதில் கோடு இருக்கும். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டி, அந்தக் கோட்டுக்குள் வருகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். ஆழமாகப் போய்விட்டால் கைப்பிடி எட்டாது. வெளியே துருத்தினால் மேல்தட்டு சுவரோடு ஒட்டாது. இரண்டுக்கும் பிறகு டைல்ஸை உடைப்பதுதான் வழி.

வெஸ்டர்ன் கோப்பையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். தரைவழியாகப் போகும் கோப்பைகளில் பின்சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடுப்புள்ளி வரை 9 அங்குலம், 12 அங்குலம் என்று அளவு மாறும். அந்தத் தூரத்தை டைல்ஸ் ஒட்டி முடிந்த முகத்திலிருந்து அளக்க வேண்டும், செங்கல் சுவரிலிருந்து அல்ல.

இரண்டாம் நிறுத்தம்: தரை

எங்களுக்கு மோசம் போன இடம் இது. நானி ட்ராப்பும் கழிவுக்குழாயும் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இருக்கும். சாதாரணக் கலவையை அதில் திணித்தால் காய்ந்ததும் சுருங்கி மயிரிழை விரிசல் விடும். சுருங்காத கிரவுட் ஊற்றச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையைச் சரிவாக இழுத்து, அதன்மேல் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். பூச்சு இரண்டு கோட். முதல் கோட் காய்ந்த பிறகு, இரண்டாவதைக் குறுக்குவாட்டில் அடிக்க வேண்டும். சுவரில் குறைந்தது ஒரு அடி உயரம், ஷவர் இருக்கும் சுவரில் ஆறு அடி, கதவு வாசற்படிக்கு அடியிலும் சேர்த்து. பூசும்போது பக்கத்தில் நில்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.

நன்றாகக் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, வாசலில் சின்னதாக வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வெயில் காலத்தில் துளி இறங்கும், பரவாயில்லை. கோட்டுக்குக் கீழே விரற்கடை அளவு இறங்கினால் பரவாயில்லை என்று விடக் கூடாது. கீழ்வீட்டில் காலை மாலை இரண்டு வேளையும் போய்க் கூரையைத் தொட்டுப் பாருங்கள். "ரெண்டு நாள் வேலை நிக்குமே சார்" என்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு வேறு ஏதாவது வேலை கொடுங்கள், சோதனையை மட்டும் விடாதீர்கள்.

அடுத்தது வாட்டம். மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். ஐந்தடி நீளக் குளியலறையில் கதவுப் பக்கத்துக்கும் ட்ராப்புக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் வரும். இந்தச் சரிவைத் தரைக் கலவையிலேயே கொண்டுவர வேண்டும். பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றால் கைவிட்டுப் போகும். கலவை இறுகியதும், டைல்ஸ் போடுவதற்கு முன், கதவோரத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். எங்கே நின்று தயங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.

இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸைக் குளியலறைத் தரைக்கு வாங்கி வந்தால் மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. நான்கு பக்கமிருந்தும் நடுவே சரியும் தரையில் பெரிய டைல்ஸ் மடங்காது. ஓரடி அளவில் வழுக்காத ரகம் வாங்குங்கள். பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் ஒரு சுவரோரம் நீள வடிகால் வைத்து, ஒரே திசையில் வாட்டம் கொடுக்க வேண்டும்.

டைல்ஸ் ஒட்டும்போது

பெட்டிகளில் எல்லாம் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு வரிசையைத் தரையில் பரப்பி, வெட்டுத்துண்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் இரண்டு விரல் அகலத் துண்டு கண்ணில் பட்டால் கடைசிவரை உறுத்தும். அதைக் கதவுக்குப் பின்புறம் தள்ளச் சொல்லுங்கள்.

செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். சிமெண்டில் ஒட்டினால் முதலில் ஊறவைக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் அதைப் பிடிக்காது. அதற்குப் பசைதான். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண்ணும் வகை எண்ணும் இருக்கும். விட்ரிஃபைடுக்கு இரண்டாம் வகையோ அதற்கு மேலோ வாங்குங்கள். பசையோடு சிமெண்டையோ மணலையோ கலக்க விடாதீர்கள். இறுகத் தொடங்கிய பசையில் தண்ணீர் தெளித்துக் கிண்டவும் விடாதீர்கள்.

டைல்ஸின் முதுகில் நடுவில் ஒரு உருண்டை, மூலைக்கு ஒன்று என்று ஐந்து இடத்தில் வைத்து அழுத்திவிடுவது பலருக்குப் பழகிய முறை. வெளியிலிருந்து பார்த்தால் மட்டமாக இருக்கும். உள்ளே காலியிடத்தில் தண்ணீர் இறங்கித் தங்கும், மூலையில் ஒரு பக்கெட் இடித்தால் தெறிக்கும். பல் கரண்டியால் முழுவதும் இழுத்து ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டுகிறாரா என்று தெரிந்துகொள்ள, காலையில் ஒன்றும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும், அப்போதுதான் அழுத்திய டைல்ஸைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும். நான் கேட்டபோது இரண்டாவது மேஸ்திரி சிரித்துக்கொண்டே கழற்றிக் காட்டினார். மூலை வரை பசை இருந்தது. அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சுவரில் கடைசிக் கீழ்வரிசையை விட்டுவைத்து, தரை டைல்ஸ் போட்ட பிறகு அதன்மேல் உட்காரும்படி ஒட்டச் சொல்லுங்கள். சுவரில் வழியும் தண்ணீர் தரைமேல் இறங்கும், இடுக்குக்குள் போகாது.

மூன்றாம் நிறுத்தம்: தட்டிப் பார்ப்பது

ஒட்டிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். நிறைந்த இடம் "திக்" என்று அடங்கும், பொக்கையான இடம் "டொக்" என்று எதிரொலிக்கும். பொக்கையான இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு மூலையில் விரல்நுனி அளவு என்றால் விட்டுவிடலாம். தரையிலும் ஷவர் பக்கத்திலும் பாதி டைல்ஸ் சத்தம் கொடுத்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இடைவெளி அடைத்த பிறகு எடுத்தால் பக்கத்து டைல்ஸும் சேர்ந்து உடையும்.

இடைவெளிக்கு ஒயிட் சிமெண்டும் கலர் பொடியும் கலந்து தேய்ப்பது பழைய வழக்கம். குளியலறையில் ஒரு வருஷத்தில் கறுத்து உதிரும். எபாக்ஸி கிரவுட் செலவு கூடுதல்தான், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. அது இறுகுமுன் மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாகப் படலம் பிடித்துக்கொள்ளும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், சிலிகான் போடுங்கள். அந்த இடம் கொஞ்சம் அசையும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை கெட்டு, செய்தவர் வர மறுத்தால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டும் வேலையும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற எண்ணில் பேசுங்கள். அந்தக் கையெழுத்துத் தாளும், யுபிஐ ரசீதும், நீங்கள் எடுத்த படங்களும் அங்கேதான் உதவும்.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சுவரைப் பூசுமுன், குழாய் ஓடும் ஒவ்வொரு சுவருக்கும் குறுக்கே டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். என்றாவது ஒரு நாள் துண்டு போடும் கம்பி மாட்ட டிரில்லிங் மிஷினோடு ஒருவர் வருவார். எங்கே துளை போடலாம் என்று அவருக்குக் காட்ட அந்தப் படம் கையில் இருக்கட்டும்.