நாய்க்குட்டிக்குச் செரிமான டானிக் தேவையா?

புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ புதிதாகக் குட்டி வந்த வீட்டில் அது இரண்டு தடவை இளக்கமாகப் போய்விட்டால் போதும், என்ன டானிக் வாங்கலாம் என்ற பேச்சு வந்துவிடும். லிவர் டானிக், என்சைம் பவுடர், புரோபயாடிக் என்று கடையிலும் குறைவில்லை. ஆரோக்கியமான குட்டிக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. செரிக்கத் தேவையான நொதிகளை அதன் கணையமே சுரக்கிறது. நாய் கறி தின்னும் பிராணி, சோறு அதற்கு எப்படிச் செரிக்கும் என்று சிலர் கேட்பார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே குழைய வடித்த சோறு செரிக்கும். ஆனால் வளரும் குட்டிக்கு வெறும் சோறு போதாது. முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ சேர வேண்டும்.

அப்படியானால் ஏன் கழிகிறது? முதலில் சந்தேகப்பட வேண்டியது குடற்புழுவை. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருக்கிறதா, ரோமம் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். பூச்சி மருந்தை 2 வார வயதில் தொடங்கி, 8 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது. குட்டியை எடை போட்டு மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

அடுத்தது பால். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். கிண்ணம் நிறையப் பசும்பால் ஊற்றிவிட்டு, கழிச்சலுக்கு டானிக் தேடுவதில் அர்த்தமில்லை. பாலை நிறுத்துங்கள், தயிர் சிறிதளவு பரவாயில்லை. தீவனம் மாற்றுவதாக இருந்தால், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். 3 மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். நம் சித்திரை வெயிலில் மதியம் வைத்த கறிச்சோறு சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

கொடுத்தால் நஷ்டமென்ன என்று கேட்கலாம். காசு போவது சின்ன விஷயம். டானிக்கை நம்பிக் கடத்தும் இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம். பார்வோ வைரஸ் தாக்கிய குட்டிக்கு அந்த இரண்டு நாளே உயிர். புரோபயாடிக் விஷயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு: கழிச்சல் கண்ட நாய்க்கு அது சற்றுச் சீக்கிரம் நிற்க உதவியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகத் தினசரி சாப்பாட்டில் தூவ வேண்டியதில்லை. தவிர, கனடாவில் 2011-இல் வெளியான ஒரு பரிசோதனையில், பெரும்பாலான பாக்கெட்டுகளில் லேபிளில் போட்டபடி சரக்கு இல்லை. என்சைம் பவுடர் கட்டாயம் வேண்டிய நோய் ஒன்று உண்டு: கணையம் நொதி சுரக்காத குறைபாடு. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் அதிகம் காணப்படுவது; வேண்டிய அளவு தின்றும் இளைக்கும், எண்ணெய்ப் பசையோடு மலம் கொட்டும். ரத்தப் பரிசோதனையில் அது உறுதியான பிறகுதான் பவுடர்.

வாந்தி, ரத்தக் கழிச்சல், சோர்வு, சாப்பிட மறுப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பெரிய சிகிச்சை வேண்டியிருந்தால் பக்கத்து மாவட்டத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது அன்று போட்ட மலத்தில் கொஞ்சம் ஒரு மூடிபோட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் புழு முட்டை பெரும்பாலும் தெரிந்துவிடும்.