லினக்ஸுக்கு மாறுமுன் மேசையைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் லேப்டாப்பாக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 2016, 2017 மாடல்கள் பல இதில் தேறாது. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்களும், நாகர்கோவிலிலிருந்து தினம் ரயிலேறி வருகிறவர்களும், சாலை பஜாரில் கணக்கு எழுதுகிறவர்களும் லினக்ஸைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் முதலில் கேட்பது "உபுண்டுவா, மின்டா?" என்றுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் தினமும் எதையெல்லாம் செருகுகிறீர்கள்? அங்கிருந்து தொடங்குங்கள்.

இந்த ஊரிலிருந்தே லினக்ஸ் மாற்றத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியிருக்கிறார்கள். பூஜப்புராவிலிருந்து இயங்கும் கைட், 2001-ல் தொடங்கிய கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் கல்வித் திட்டம் 2017-ல் அரசு நிறுவனமாக மாறியபோது வந்த பெயர். 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 4,752 பள்ளிகள், 45,000 வகுப்பறைகள். ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், யூஎஸ்பி ஸ்பீக்கர். இயங்குதளம், உபுண்டுவிலிருந்து உருவாக்கிய கைட் குனு/லினக்ஸ். இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் கைட் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கைவிட, இயங்குதளத்தையும் சாமான்களையும் ஒரே அமைப்பு முடிவுசெய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எது எதோடு பேசும் என்ற தலைவலி ஆசிரியருக்கு வரவில்லை. தனி ஆளுக்கு நிலைமை நேரெதிர்: சாமான்கள் முன்பே வாங்கியாகிவிட்டது, எல்லாம் விண்டோஸை மனதில் வைத்து.

ஆகவே முதல் வேலை, 8 ஜிபிக்குக் குறையாத ஒரு பென்டிரைவ். ரூஃபஸ் அல்லது வென்டாய் மென்பொருளைக் கொண்டு அதில் உபுண்டுவை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். இப்போது மேசையில் இருப்பதை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பலரும் வைஃபை வந்ததும் திருப்திப்பட்டு இன்ஸ்டால் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். ஹெட்செட்டில் மைக்கைப் பேசிப் பாருங்கள், பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள், மூடியை மூடித் திறந்து வெளி மானிட்டர் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் போகட்டும்.

அதிகம் படுத்துவது டாக்கிங் ஸ்டேஷன். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் தரும் படத்தையே யூஎஸ்பி-சி வழியாக மானிட்டருக்குக் கடத்துவது. இதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. மற்றது டிஸ்ப்ளேலிங்க் வகை. படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தரவாக அனுப்பி, டாக்குக்குள் இருக்கும் சிப்பில் விரிப்பது. அடையாளம் காண எளிய வழி: பழைய, அகலமான யூஎஸ்பி-ஏ முனையில் செருகினாலும் எச்டிஎம்ஐ வெளியீடு தந்தால் உள்ளே சிப் இருக்கிறது. டிஸ்ப்ளேலிங்குக்கு உபுண்டு டிரைவர் உண்டு. ஆனால் கெர்னல் அப்டேட் ஆகும்போது அதுவும் கூடவே புதிதாகக் கட்டப்பட வேண்டும், செக்யூர் பூட் இயங்கினால் அதற்குக் கையொப்பமும் வேண்டும். டிரைவர் போட்டபின் மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்கும். அது சில விநாடிதான் நிற்கும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். பலர் டாக்கைத் திட்டுவது இந்தக் கட்டத்தில்தான். பெயர் தெரியாத சிப் போட்ட மலிவு அடாப்டர் என்றால் மல்லுக்கட்டாமல் வேறு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பிரிண்டர். நம் ஊர் ஆபீஸ்களில் எங்கும் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் பெரும்பாடு. பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டும் ரகம் அது. கேனனின் லினக்ஸ் டிரைவரோ பழசாகிவிட்டது. எச்பி லேசர்ஜெட் 1020 இன்னொரு விதம்: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதற்குள் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். எச்பிலிப் மென்பொருளின் பிளக்-இன்னைப் போட்டுவிட்டால் அது தானாக நடக்கும், போடாவிட்டால் பிரிண்டர் சும்மா இருக்கும். புதிதாக வாங்குவதானால் ஏர்பிரிண்ட் வசதி உள்ளதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் டிரைவரே தேவைப்படாது.

வெப்கேம், கீபோர்டு, மவுஸ் பற்றிக் கவலை வேண்டாம். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்ததும் பாட்டுத் தரம் சட்டென்று இறங்கினால் அது புளூடூத்தின் குணம். அதிக மீட்டிங் உள்ளவர்களுக்கு யூஎஸ்பி ஹெட்செட் நல்லது. கைரேகை சென்சார் வேலை செய்தால் அதிர்ஷ்டம்.

சிலர் அவசரப்பட்டு மாறக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேலி உங்கள் சோறு என்றால் விண்டோஸை முழுதாகத் துடைக்காதீர்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து டெண்டரோ கம்பெனி ரிட்டர்னோ போடுகிறவர்கள், டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா, அந்த அரசுத் தளம் அதை ஏற்குமா என்று இரண்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆதார் கைரேகைக் கருவியோடு வேலை பார்க்கும் சேவை மையக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை.

தமிழ் தட்டச்சுக்குத் தடையில்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் கிடைக்கும். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு மலையாளத்தோடு நிற்காமல் 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவையும் கட்டணமில்லாமல் தந்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்கள் செய்த உபகாரம், பயன்படுத்துங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் ஐடி பிரிவின் அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள், பென்டிரைவ் சோதனைகூட. சொந்த லேப்டாப்பானாலும் முதலில் பிட்லாக்கர் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். கையில் இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க முடியாமல் போகலாம்.

விண்டோஸைத் தொடாமல் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் லினக்ஸைப் போடுவது, மாறுவதற்கும் மாறாமல் இருப்பதற்கும் நடுவழி. நானே அதிகம் சிபாரிசு செய்வதும் இதுதான். ஆனால் உபுண்டு இன்ஸ்டாலருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்துவந்திருக்கிறது: வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடரை உள் டிஸ்க்கில் எழுதிவிடும். எஸ்எஸ்டியைக் கழற்றியபின் விண்டோஸ் திறக்காமல் வெறும் எழுத்துத் திரை நின்றால் காரணம் அதுதான். முடிந்தால் உள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

இந்தப் பாடெல்லாம் வேலைக்கான நேர்காணலில் உதவும். டெஸ்க்டாப் சப்போர்ட்டோ டெவ்ஆப்ஸோ, "லினக்ஸ் தெரியும்" என்று சொல்வதைவிட, மானிட்டர் ஏன் வரவில்லை என்று லாக்கில் தேடி, கையொப்பமில்லாத மாட்யூலைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பிள்ளைகள் கேரள அரசுப் பள்ளியில் படித்தால் லிட்டில் கைட்ஸ் கிளப்பில் இருக்கிறார்களா என்று கேளுங்கள்; செப்டம்பரில் மென்பொருள் சுதந்திர நாளையொட்டி இன்ஸ்டால் ஃபெஸ்ட் நடத்தும் பள்ளிகள் உண்டு.

கடைசியாக ஒன்று: இரண்டு இயங்குதளமும் ஒரே லேப்டாப்பில் இருந்தால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பேட்டரி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமாகப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.