மீசை வைத்த பெட்டிகள்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஆர் மென்பொருள் பழக ஆரம்பித்து நீ செய்த முதல் பயிற்சி வந்து சேர்ந்தது. ஆறு பூச்சிமருந்துகளுக்கு ஆறு தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு சராசரி. கீழே, “எஃப் மருந்துதான் ஆக மோசம்” என்று ஒரு வரி. கணக்கில் பிழை இல்லை, முடிவில் அவசரம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ எடுத்தது ஆருடன் கூடவே வரும் பழைய தரவு. ஆறு மருந்துகள், மருந்துக்குப் பன்னிரண்டு எண்கள், ஆக மொத்தம் 72. மருந்தடித்த சோதனை நிலத் துண்டுகளில் எண்ணிய பூச்சிகள் அவை. எஃப் மருந்தின் சராசரி 16.7, பி மருந்துக்கு 15.3, ஏ மருந்துக்கு 14.5. தூண்களை மட்டும் பார்த்தால் நீ எழுதியது சரிதான்.

இப்போது அதே எண்களுக்குப் பெட்டி வரைபடம் போட்டுப் பார். எண்ணிக்கையை எழுதி, ஓர் அலைக்குறி இட்டு, மருந்தின் பெயரை எழுது. அந்த அலைக்குறியை “பொறுத்து” என்று வாசித்துக்கொள்: எண்ணிக்கை, மருந்தைப் பொறுத்து. ஒரே வரியில் ஆறு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்.

பெட்டியின் நடுக்கோடு இடைநிலை. பாதி எண்கள் அதற்குமேல், பாதி எண்கள் கீழ். பெட்டிக்குள் இருப்பது நடுப்பாதிக் கூட்டம். மேலும் கீழும் நீளும் மீசை, பெட்டியின் விளிம்பிலிருந்து அதன் உயரத்தின் ஒன்றரை மடங்குக்குள் இருக்கும் கடைசி எண் வரை போகும். அதையும் தாண்டியவை தனிப்புள்ளிகள். 1952லேயே மேரி எலினோர் ஸ்பியர் இதுபோன்ற படத்தைப் போட்டிருக்கிறார். ஜான் டூக்கி 1977ல் எழுதிய புத்தகம்தான் இதை உலகெங்கும் கொண்டுபோனது.

இனி எஃப் பெட்டியையும் பி பெட்டியையும் பார். எஃப் இடைநிலை 15, பி இடைநிலை 16.5. வரிசை தலைகீழாகிவிட்டதா? எஃப் மருந்தடித்த பன்னிரண்டு துண்டுகளில் நான்கில் 22, 24, 26, 26 என்று பூச்சி. சராசரியை மேலே இழுத்தவை அந்த நான்குதான். எஃப் பெட்டி 12 முதல் 23 வரை நீள்கிறது, பி பெட்டி 12 முதல் 18 வரை. எது மோசம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல இங்கே இடமில்லை. எஃப் எங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாத மருந்து என்று வேண்டுமானால் எழுதலாம்.

சி, இ இரண்டும் கீழே ஒட்டிக் கிடக்கும் சின்னப் பெட்டிகள், டியும் அப்படித்தான். சி மேல் 7, டி மேல் 12 என்று ஆளுக்கொரு புள்ளி ஒதுங்கி நிற்கும். படம் அசிங்கமாகிறது என்று அவற்றை அழித்துவிடாதே. நாளை உன் சொந்தத் தரவில் இப்படி வந்தால், அந்தத் துண்டில் என்ன நடந்தது என்று வயல் நோட்டைப் புரட்டு. காரணம் தெரியாதவரை புள்ளி அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் கவனி. மேலே இருக்கும் பெட்டிகள் பருத்தவை, கீழே இருப்பவை மெலிந்தவை. எண்ணிக்கைத் தரவில் சராசரி ஏற ஏறப் பரவலும் ஏறும். எல்லாக் குழுவுக்கும் பரவல் ஒன்று என்று நம்பிச் செய்யும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு இங்கே இடறும். வர்க்கமூலம் எடுத்து மறுபடி வரைந்தால் பெட்டிகள் ஓரளவு சமமாகும். இந்தத் தரவு ஜெஃப்ரி பீல் 1942ல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் கட்டுரையின் பொருளே இப்படி உருமாற்றுவதுதான். உன் தூண்கள் இந்தப் பரவலைப் பற்றி மூச்சுவிடவில்லை, பார்த்தாயா?

பெட்டிக்கும் குறை உண்டு. ஆரிலேயே அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்றின் 272 பீறிடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தது என்று வரைந்தால் பெட்டி ஏறக்குறைய 2.2 முதல் 4.5 வரை வரும். உண்மையில் பீறிடல்கள் இரண்டு நிமிடத்தருகே ஒரு கூட்டம், நாலரை நிமிடத்தருகே ஒரு கூட்டம். பெட்டியின் வயிற்றில், மூன்று நிமிடத்தருகே, அநேகமாக ஒன்றுமே இல்லை! அதனால் எண்கள் நிறைய இருந்தால், அவை குவியும் இடத்தில் அகலமாகும் வயலின் வரைபடமும் போடு, இரண்டு திமில்களும் தெரியும். உன்னுடையதைப்போலக் குழுவுக்குப் பன்னிரண்டுதான் என்றால், பெட்டியின் மேலேயே பன்னிரண்டு புள்ளிகளையும் ஒன்றையொன்று மறைக்காதபடி சற்றுச் சிதறவிட்டு வை. குழுக்கள் சமமாக இல்லாதபோது ஒவ்வொன்றிலும் எத்தனை எண்கள் என்று அடியில் எழுது.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்தின் அளவுகளை எழுத்தாகப் பதிந்துவிட்டேன். மென்பொருள் அவற்றை அகரவரிசையில் அடுக்கியது: 10, 100, 20, 50. அளவு கூடக் கூடப் பலன் ஏறி இறங்கி ஏறுகிறது என்று கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கமும் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒருவர், “தம்பி, அச்சைப் படியுங்கள்” என்றார். இன்றும் நினைத்தால் காது சூடாகிறது. குழுக்களின் வரிசையை நீயே சொல். இயல்பான வரிசை இல்லாதபோது இடைநிலைப்படி அடுக்கு.

குழுவுக்கொரு கட்டமாகப் பிரித்து வரைந்தால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வை. தனித்தனி அளவுகோல் வைத்தால் சின்னதும் பெரியதும் ஒரே உயரத்தில் நிற்கும்; பக்கத்தில் வைத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

தூண்களை எடுத்துவிட்டு, புள்ளிகளோடு ஆறு பெட்டிகளும் வரைந்து அனுப்பு. அதைப் பார்த்தபின் கீழே ஒரு வரி எழுது, முன்னால் எழுதாதே.

அன்புடன்,
பெரியப்பா