கத்தியா, கரண்டா, ஜீனா?

பூந்தமல்லி கரையான்சாவடியில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் பயாப்சி ரிப்போர்ட்டும் கையுமாக வந்தார். இருபது வருஷமாக மாவாப் புகையிலை ஒதுக்கிய அதே இடது கன்னத்தில் புண். வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை.

"தம்பி, இதுல பி53-னு என்னமோ போட்டிருக்கு. சீனாவுல அதுக்கு ஜீன் ஊசியே இருக்காம். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம்னு பாக்கறேன்."

மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாம். அந்தச் செய்தி பொய்யில்லை, அதுதான் சிக்கல். 2003 அக்டோபரில் சீனா ஜெண்டிசின் என்ற ஊசிக்கு அனுமதி தந்தது, தலை-கழுத்துப் புற்றுநோய்க்கென்றே. செல் இரண்டாகப் பிரியுமுன் மரபணுவில் பழுது தெரிந்தால் நிறுத்திவைக்கும் காவல்தான் பி53. புகையிலையால் வரும் வாய்ப்புற்றில் பெரும்பாலும் அது கெட்டிருக்கும். நல்ல பி53-ஐ ஒரு சளி வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். ஊசி தொட்ட இடத்தில்தான் அதற்கு வேலை. கழுத்து நெறியில் ஒளிந்திருக்கும் செல்லுக்குப் போய்ச் சேராது. சீனாவிலும் கரண்டோடு, அதாவது கதிர்வீச்சோடு, சேர்த்துத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். இதே வகை மருந்தான அட்வெக்சினுக்குப் போட்ட விண்ணப்பத்தை அமெரிக்கா 2008-ல் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் 2023-ல் அனுமதியான நெக்ஸ்கார்19 ரத்தப் புற்றுநோய்க்கு, வாய்க்கு இல்லை.

செல் பிரியும் சக்கரத்தை நிறுத்தும் மாத்திரை? பால்போசிக்லிப் மார்பகப் புற்றில் நன்றாகவே வேலை செய்கிறது. தலை-கழுத்துப் புற்றில் செடுக்சிமாப் என்ற மருந்துடன் சேர்த்துப் பார்த்த பலாட்டினஸ் ஆய்வில் ஆயுள் 7.8 மாதத்திலிருந்து 9.7 ஆனது. மருந்தால்தான் கூடியது என்று அடித்துச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை.

ஆக, நிஜமான தேர்வு கத்திக்கும் கரண்டுக்கும் நடுவில்தான். கன்னம், நாக்கு, ஈறு என்றால் கத்தி முதலில். குரல்வளை என்றால் பல பேருக்குக் கரண்டும் கீமோவும் சேர்த்தே குரலைக் காப்பாற்றிவிடலாம். வாயில் சின்னக் கட்டிதான், கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாலும் நெறியை எடுப்பதா, காத்திருப்பதா? இதற்கு மும்பை டாடா மருத்துவமனை 2015-ல் பதில் சொல்லிவிட்டது: முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5.

ரிப்போர்ட்டில் வரும் பி16 விஷயத்திலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டான்சில், அடிநாக்கில் வந்த புற்றில் பி16 பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் எச்பிவி வைரஸால் வந்தது, சிகிச்சைக்கு நன்றாக மசியும். கன்னத்துப் புற்றில் அதே பாசிட்டிவை வைத்துச் சிகிச்சையைக் குறைக்க முடியாது.

ஆபரேஷனுக்குப் பின் கரண்ட் வேண்டும் என்றால் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், ஏறத்தாழ முப்பது நடை. பூந்தமல்லியிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கிட்டம்தான், ஆனால் ஊரையே குறுக்கே கடக்கணும். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை தூரம், ஆனால் நெடுஞ்சாலையில் நேர் வழி. நடுவில் நாள் விட்டால் பலன் குறையும். என் கணக்கு: கத்திக்கு எவ்வளவு தூரமும் போகலாம், இதே ஆபரேஷனைத் தினமும் செய்கிற கையாகப் பார்த்து. கரண்டுக்கோ, தினமும் போய்வர முடிகிற இடம். காப்பீட்டு அட்டை இரண்டு இடத்திலும் செல்லுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நோய் திரும்பி வந்து, ஆபரேஷனுக்கும் வழியில்லை என்றால்தான் புது மருந்துப் பேச்சு. அதிலும் டாடா ஆட்கள்தான் நமக்கேற்ற வழி காட்டினார்கள். வழக்கமாக 240 மில்லிகிராம் போடும் நிவோலுமாப்பை வெறும் 20 போட்டு, கூடவே விலை குறைந்த மாத்திரைகள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16 சதவீதம், ஊசியும் சேர்த்தவர்களில் 43.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். கரண்டுக்கு முன்னால் கெட்ட பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்றதும் நிமிர்ந்தார்.

"அப்ப வேலப்பன்சாவடி பல் காலேஜுக்கு நாளைக்கே போலாமா? காலைல எத்தனை மணிக்கு டோக்கன் குடுப்பாங்க?"