பனிக்கு முன் கேஸ் ட்ரையர்: கடைக்குப் போகுமுன் சுவரைப் பாருங்கள்

நியூஜெர்சியிலும் மிச்சிகனிலும் சிகாகோ பக்கத்திலும் கோடையில் வீடு வாங்கி, பள்ளி திறக்குமுன் குடிபுகுந்த குடும்பங்களுக்கு ட்ரையர் பருவம் வந்துவிட்டது. அக்டோபர் வெயிலில் போட்ட ஜீன்ஸ் சாயங்காலம் எடுக்கும்போதும் ஈரமாகவே இருக்கிறது. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டிக் கடைகள் விலையைக் குறைக்கும். அதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: அளவுநாடாவும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு லாண்டரி அறைக்குப் போவது. எந்த ட்ரையர் வாங்கலாம் என்பதில் பாதியை அந்தச் சுவரே முடிவுசெய்துவிடும்.

சுவரில் என்ன இருக்கிறது?

மெஷின் நிற்கப்போகும் இடத்துக்குப் பின்னால், மூடித் திறக்கும் வால்வோடு கேஸ் குழாய் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இருந்தால், பக்கத்தில் சாதாரண 120 வோல்ட் பிளக் பாயின்ட் போதும். கேஸ் ட்ரையரில் மின்சாரத்தின் வேலை டிரம்மையும் காற்றாடியையும் சுழற்றுவதும் கன்ட்ரோல்களை இயக்குவதும்தான். சூடு பர்னரிலிருந்து வருகிறது. மின்சார ட்ரையருக்கோ 240 வோல்ட், 30 ஆம்பியர் தனி இணைப்பு வேண்டும்.

நான்கு துளை கொண்ட பெரிய பிளக் பாயின்ட் மட்டும் இருந்து, கேஸ் குழாய் இல்லையென்றால் யோசிக்க வேண்டும். புதிதாகக் குழாய் இழுக்க உரிமம் பெற்ற பிளம்பரும், பெரும்பாலான ஊர்களில் பெர்மிட்டும் தேவை. அந்தச் செலவு பல வருட மிச்சத்தை விழுங்கிவிடலாம். புது வீடு என்றால் கேஸ் கட்டாயம் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019இல் புதுக் கட்டடங்களுக்கு கேஸ் இணைப்பைத் தடுத்தது. அந்த விதியை 2023இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தாலும், முழுக்க மின்சாரத்தில் இயங்கும் வீடுகளைக் கட்டும் பில்டர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு மின்சார ட்ரையரோ ஹீட் பம்ப் ட்ரையரோதான் பொருத்தம்.

மிச்சம் உண்டா?

கேஸ் மாடலின் விலை அதே வசதிகள் கொண்ட மின்சார மாடலைவிட ஏறத்தாழ 100 டாலர் கூடுதலாக இருக்கும். அது திரும்பி வருமா என்பதை இரண்டு பில்களை எடுத்து வைத்தே கணக்கிடலாம். கேஸ் பில்லில் வரும் ஒரு 'தெர்ம்' 29.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். ஒரு தெர்ம் 1.50 டாலர், ஒரு யூனிட் மின்சாரம் 18 சென்ட் என்று வைத்துக்கொண்டால், அதே வெப்பத்துக்கு மின்சாரத்தில் 5.27 டாலர் ஆகும். வாரம் ஐந்தாறு லோடு துவைக்கும் வீட்டுக்கு இது நல்ல லாபம். தனியாளுக்கு அந்த 100 டாலரை எடுக்கவே நாளாகும்.

வென்ட் குழாயை அளக்கவும்

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கேஸ் ட்ரையரின் புகை கட்டாயம் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். அந்தக் காற்றில் ஈரத்தோடு கார்பன் மோனாக்சைடும் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே பஞ்சுத் தூசைப் பிடிக்கும் தண்ணீர் டப்பாக்களைக் கேஸ் ட்ரையரில் மாட்டவே கூடாது.

அமெரிக்க மாநிலங்கள் பலவும் அடிப்படையாகக் கொள்ளும் குடியிருப்புக் கட்டட விதிப்படி, 4 அங்குல உலோகக் குழாய் 35 அடிக்குள் வெளியே போய்ச் சேர வேண்டும். செங்கோணமாகத் திரும்பும் ஒவ்வொரு வளைவுக்கும் 5 அடி கழித்துக்கொள்வார்கள். இரண்டு வளைவு இருந்தால் 25 அடிதான் மிச்சம். மாடியில், வீட்டின் நட்டநடுவில் லாண்டரி அறை வைக்கும் டவுன்ஹவுஸ்களில் இந்த எல்லை எளிதில் தாண்டிப் போகிறது. அப்படியானால், இன்னும் நீண்ட குழாயை அனுமதிக்கும் மாடலைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவு போட்ட அலமாரி அறைக்குள் ட்ரையர் வைப்பதானால், கதவில் 100 சதுர அங்குலமாவது காற்று புகும் திறப்பு இருக்கிறதா என்று பார்க்கவும்.

எந்த மாடல்?

முழு அளவு ட்ரையர் 27 அங்குல அகலம். பின்னால் வென்ட் குழாய்க்கு நாலைந்து அங்குலம் விடவேண்டும், முன்னால் கதவு திறக்க இடம் வேண்டும். ட்ரையரின் டிரம் வாஷரின் கொள்ளளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் துணி புரள இடமிருக்கும்; 4.5 கன அடி வாஷருக்கு 7.4 கன அடி ட்ரையர் சரியான ஜோடி. ஈரத்தை உணர்ந்து தானே நிற்கும் சென்சார் உள்ளதை வாங்கவும். நேரம் வைத்து ஓட்டும் மாடல், காய்ந்த துணியையும் வறுத்துக்கொண்டே இருக்கும். ஊருக்கு வெளியே ப்ரொபேன் தொட்டி வைத்த வீடு என்றால், அதற்கான மாற்று கிட் பொருத்தாமல் மெஷினை ஓட்டக் கூடாது.

கேஸ் ட்ரையர் புதுச் சரக்கு அல்ல. வடக்கு டகோட்டாவின் குளிரில் துணி காயவைத்துச் சலித்த ஜே. ராஸ் மூர் வடிவமைத்த மெஷினை, விஸ்கான்சினில் உள்ள டூ ரிவர்ஸ் ஊரின் ஹாமில்டன் நிறுவனம் 1938இல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதே கேஸ், மின்சாரம் என இரண்டு வகை.

தீபாவளித் துண்டுகள்

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பருவத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று: எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலை துவட்டிய துண்டு. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் ஒரு தடவை துவைத்ததில் முழுதாகப் போய்விடாது. துணியில் தங்கிய எண்ணெய் சூட்டில் காற்றோடு வினைபுரிந்து மேலும் சூடாகும். குவித்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கவும் கூடும். ட்ரையர் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. பலகாரம் சுட்ட அன்று அடுப்பு துடைத்த துணிக்கும் இதே விதிதான். இவற்றை வெந்நீரில் சோப்பு கூட்டித் துவைத்து, ஸ்டாண்டில் உலர்த்துவதே பாதுகாப்பு. மற்ற துணிகளையும் கடைசி 'கூல் டவுன்' முடியுமுன் நிறுத்திச் சூட்டோடு கூடையில் அமுக்க வேண்டாம். பட்டுப் புடவை ட்ரையர் பக்கமே போகக் கூடாது.

பொருத்தும் நாளில்

டெலிவரிக்கு வருபவர்கள் கேஸ் இணைப்பும் கொடுப்பார்களா என்று ஆர்டர் போடும்போதே கேட்கவும். பல கடைகளில் அதற்குத் தனிக் கட்டணம். சில இடங்களில் அந்தச் சேவையே இல்லை. பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்த வளையும் கேஸ் குழாயை மறுபடி மாட்ட வேண்டாம், புதிது போடவும். இணைத்ததும் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லி, குமிழி வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கவும். வென்ட்டுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பலாம். படுக்கை அறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். எப்போதாவது கேஸ் வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, தள்ளி நின்று போன் செய்யவும்.

ஜனவரி வரை

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் ட்ரையரில் தொடங்கியதாக மதிப்பிட்டது. அவை உச்சத்தைத் தொட்ட மாதம் ஜனவரி; முதன்மைக் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது. எனவே ஒவ்வொரு லோடுக்கும் பஞ்சு வடிகட்டியைத் துடைப்பதோடு, வருடத்துக்கு ஒரு முறையாவது வென்ட் குழாய் முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டும். துணி காய வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் குழாய் அடைபட்டிருக்கலாம், உடனே பார்க்கவும்.

முதல் பனி விழுமுன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வென்ட் எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெளிவருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளவும். ட்ரையர் ஓடும்போது அதன் மூடி திறந்து சூடான காற்று வர வேண்டும். பனிப்புயலுக்கு மறுநாள் டிரைவ்வேயில் பனியைத் தள்ளும்போதே அந்த மூடியைச் சுற்றியுள்ள பனியையும் விலக்கிவிட்டு, அதன் பிறகே ட்ரையரைப் போடவும்.