ரப்பருக்குள் ஊடுகதிர் கண்டது

எலும்பு முறிந்தால் மருத்துவமனையில் எக்ஸ்ரே எனும் ஊடுகதிரால் படம் எடுப்பர். ஜொகூர்த் தோட்டங்களில் நம் தொழிலாளர் வெட்டும் பாலில் விளையும் ரப்பரின் வலிமைக்குக் காரணத்தைக் காட்டித் தந்ததும் அதே ஊடுகதிர்தான்.

உப்பு, சீனி போன்றவற்றில் நுண்துகள்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டுள்ளன. இத்தகைய பொருளைப் படிகம் என்கிறோம். படிகத்தினூடே ஊடுகதிரைச் செலுத்தினால் படத்தில் ஒழுங்கான புள்ளிகள் விழும் என்பது 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது.

1925ஆம் ஆண்டில் காட்ஸ் என்னும் அறிஞர் ரப்பரை இவ்வாறு சோதித்தார். நீட்டாத ரப்பர் மங்கலான வளையத்தையே காட்டியது. பன்மடங்கு நீட்டியபோதோ புள்ளிகள் தோன்றின! சிக்குண்ட நூல்போல் கிடந்த மூலக்கூறுகள், இழுத்தவுடன் வரிசையாகச் சேர்ந்து படிகங்களாயின. தளர விட்டதும் அப்படிகங்கள் மறைந்தன.

இதனால் விளையும் நன்மை யாது? ரப்பரில் கீறல் விழுந்தால், அதன் முனையே மிகுதியாக நீளும். அங்கே படிகங்கள் தோன்றிக் கீறல் பரவுவதைத் தடுக்கின்றன. டயர்களுக்குப் பெரிதும் பயன்படும் ஸ்டைரின்-பியூட்டடையீன் செயற்கை ரப்பருக்கு இத்திறன் இல்லை. ஆகவேதான், பெருஞ்சுமையுடன் தரையிறங்கும் விமானங்களின் டயர்களுக்கு இயற்கை ரப்பர் இன்றும் இன்றியமையாததாக விளங்குகிறது.

ஆயினும், மணல், மரப்பட்டை போன்ற அழுக்கு ரப்பரில் கலந்திருப்பின் கீறல் அங்கேயே தொடங்கும். 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எஸ்.எம்.ஆர். எனும் மலேசியத் தர ரப்பர் முறை, அழுக்கின் அளவை முதன்மையாகக் கொண்டு தரம் பிரிக்கிறது. எஸ்.எம்.ஆர். 20 வகையில் அழுக்கு 0.16 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. அதாவது, ஒரு கிலோவில் 1.6 கிராம்.

இயற்கை தந்த வலிமையை ஊடுகதிர் காட்டியது. அதைக் காப்பது தொழிலாளரின் கையில் உள்ளது. பால் மங்குகளைத் துடைத்து வைப்போம். கட்டிப்பாலில் மண்ணும் பட்டைச் சீவலும் சேராமல் பார்த்துக்கொள்வோம்.