எஃப்12 அழுத்தினால் ஏன் எங்கும் போகவில்லை?

கேள்வி: கணினி அறிவியல் படிக்கிறேன். தாமிரபரணிக் கரை ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து வரிசைப்படுத்தும் புராஜெக்ட்டுக்கு ‘ஓபன்-தமிழ்’ நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். டெர்மினலில் நிரல் நன்றாக ஓடுகிறது. ஆனால் விஎஸ் கோடில் ‘கெட் லெட்டர்ஸ்’ ஃபங்ஷன் மேல் கர்சரை வைத்து எஃப்12 அழுத்தினால் டெஃபனிஷன் இல்லை என்கிறது. இம்போர்ட் வரிக்கு அடியில் மஞ்சள் கோடு வேறு. தோழியின் லேப்டாப்பிலோ, அவள் எழுதிய ஃபைலுக்கே போய் நிற்கிறது. அங்கே ரன் செய்தாலும் எரர். என் எடிட்டரை நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பலனில்லை.
— ஒரு மாணவி, பேட்டை

பதில்: எடிட்டரில் குறையில்லை, அதனால்தான் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பலன் இல்லை. விஎஸ் கோடுக்குத் தானாகப் பைத்தான் தெரியாது. ‘இந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது?’ என்று பின்னால் ஓடும் லாங்குவேஜ் செர்வரிடம் கேட்கும். இப்படிக் கேட்டுப் பதில் பெறும் முறையை 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து பொது நெறிமுறையாக அறிவித்தன. பைத்தானுக்கு அந்தச் செர்வர் பைலான்ஸ். அது உங்கள் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. படித்து மட்டுமே பார்க்கிறது. எந்தப் பைத்தானைக் காட்டியிருக்கிறீர்களோ, அதன் நூலகங்கள்தாம் பைலான்ஸின் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒன்றில் பிப் நூலகத்தைப் போட்டிருக்கிறது. டெர்மினல் அதைத்தான் ஓட்டுகிறது. எடிட்டர் பார்ப்பது இன்னொன்றை. பைத்தான் ஃபைலைத் திறந்துவைத்தால் கீழே வலது மூலையில் பைத்தானின் பதிப்பு எண் தெரியும். அதைச் சொடுக்கி, டெர்மினல் பயன்படுத்தும் அதே பைத்தானைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் கோடு மறையும்.

இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒற்றை ஃபைலைத் திறக்காமல் புராஜெக்ட் ஃபோல்டரையே திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் எடிட்டருக்குத் தெரியாமல் போகலாம். முதலில் திறக்கும்போது ‘எழுதியவரை நம்புகிறீர்களா?’ என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருந்தால், பைலான்ஸ் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

தோழியின் சிக்கல் வேறு. இன்ஸ்டால் செய்யும்போது நூலகத்தின் பெயர் ‘ஓபன்-தமிழ்’. இம்போர்ட் செய்யும்போது வெறும் ‘தமிழ்’. தன் ஃபைலுக்கும் அதே பெயரை வைத்திருப்பார். பைத்தான் முதலில் பக்கத்தில் இருக்கும் ஃபைலைத்தான் எடுக்கும். எஃப்12-உம் அங்கேயே போகும். ஃபைலின் பெயரை மாற்றினால் போதும்.

இவ்வளவு சிரமப்பட்டு அந்த ஃபங்ஷனுக்குள் போகத்தான் வேண்டுமா? கட்டாயம் போங்கள். ‘பேட்டை’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 6 என்று சொல்லும். நமக்கோ பே, ட், டை என்று 3 எழுத்து. யூனிகோடில் ஏகாரக் குறி, புள்ளி, ஐகாரக் குறி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு என்பதால் வரும் வேறுபாடு இது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் இந்த ஃபங்ஷனில் அந்தக் குறிகளை எழுத்தோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படிக்கலாம். உங்கள் புராஜெக்ட்டின் உயிரே அங்குதான் இருக்கிறது. படித்து முடித்ததும் ஆல்ட்டோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் கட்டளைப் பட்டியலில் லாங்குவேஜ் செர்வரை ரீஸ்டார்ட் செய்யும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அவுட்புட் பகுதியில் அந்தச் செர்வரைத் தேர்ந்தெடுத்து, அங்கே வரும் எரர் வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள்.